கேளுங்க சொல்றோம்: காவிரிக்கு மட்டுமா திருவிழா?

கேள்வி (திருவையாறு வாசகி): மகன் பாங்காக்ல வேலை பாக்கறான். அங்கேயும் ஆத்துல விளக்கு விடறாங்கன்னு வீடியோ அனுப்பினான், பாத்தா நம்ம ஆடிப்பெருக்கு ஞாபகம்தான் வருது. அது என்ன பண்டிகை?

பதில்: அது லாய் கிரதோங்ங்கற பண்டிகைம்மா. தாய்லாந்து கணக்குல பன்னெண்டாம் மாசத்துப் பௌர்ணமி, பெரும்பாலும் நவம்பர்ல வரும், 2023ல திருவண்ணாமலை தீபம் நவம்பர் 26, இது மறுநாளே. வாழைமரத்தை வட்ட வில்லையா நறுக்கி, சுத்திலும் வாழையிலையை இதழ் இதழா மடிச்சுக் குத்தி, நடுவுல பூவும் ஊதுவத்தியும் மெழுகுவத்தியும் வெச்சு தண்ணில விடறாங்க, சில பேர் காசு போடுவாங்க, நகத்துண்டு, முடி வெக்கிறதும் உண்டு, கெட்டதெல்லாம் அதோட போகட்டும்னு. கும்பிடறது தண்ணித் தாயை. வருஷம் பூரா உன்னை அழுக்கு பண்ணிட்டோம், மன்னிச்சுக்கோன்னு கேக்கறாங்க, அந்த வேண்டுதல் எனக்கு ரொம்பப் பிடிச்சது. நாம வர்ற புதுவெள்ளத்தைக் கும்பிடறோம், அவங்க மழை முடிஞ்சு ஆறு நிறைஞ்சு நிக்கறப்ப கும்பிடறாங்க. கம்போடியால இன்னும் விசேஷம், மழைக்காலத்துல மீகாங் ஆத்துத் தண்ணி ஏறி டோன்லே சாப் ஆறு பின்பக்கமா ஏரிக்குள்ள ஓடும், மழை நின்னதும் திரும்பி ஓடும், அந்தத் திரும்பற சமயத்துலதான் நோம்பென்ல படகுப் போட்டியோட திருவிழா.

ஆனா தாய்லாந்துல நடுவுல தெர்மாகோல் வந்து புகுந்துடுச்சு. பாங்காக் மாநகராட்சி ராத்திரியோட ராத்திரியா லட்சக்கணக்குல அள்ள வேண்டியிருக்கு, வாழையில செய்யுங்கன்னு சொல்லிச் சொல்லி இப்ப பெரும்பாலும் வாழைக்கே திரும்பிட்டாங்க. ரொட்டில செஞ்சா மீன் திங்கும்னு விட்டுப் பாத்தாங்க, குளத்துல மிஞ்சிப்போய் ஊறினா அதுவும் தண்ணியைக் கெடுக்குது. நம்ம படித்துறையிலயும் காதோலை கருகமணி, பூ, பச்சரிசி வெல்லம் போறவரைக்கும் சரி, கொண்டுவந்த பாலிதீன் கவரோட சேத்து வீசறதைப் பாத்தா வயிறு எரியுதும்மா, அது ஷட்டர்ல சிக்கி வாய்க்காலை அடைச்சா கடைமடைக்காரன் வயலுக்குத் தண்ணி எப்படிப் போகும்? கவரை மடிச்சுப் பையில வெச்சுக்குங்க, பக்கத்துல நிக்கறவங்ககிட்டயும் சொல்லுங்க.

கேள்வி (மன்னார்குடி கல்லூரி மாணவி): ஈரான்ல நம்ம முளைப்பாரி மாதிரி ஒண்ணு உண்டுன்னு தோழி சொல்றா, நிஜமா?

பதில்: நிஜந்தான்மா. நவ்ரோஸ், அவங்க வருஷப் பொறப்பு, மார்ச் 20 இல்ல 21, பகலும் ராத்திரியும் சமமா இருக்கற நாள். அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே தட்டுல கோதுமையோ பருப்போ முளைக்கப் போட்டு, பச்சைப்பசேல்னு நிக்கறதை பண்டிகைப் படையல்ல வெக்கிறாங்க. பதிமூணாம் நாள் யாரும் வீட்டுல தங்கக்கூடாது, சாப்பாடு கட்டிக்கிட்டு வயல்வெளி, ஆத்தங்கரைன்னு கிளம்பிடுவாங்க, அங்க அந்த முளையை ஓடற தண்ணில விட்டுடணும். கல்யாணம் ஆகாத பொண்ணுங்க நல்ல வரன் வரணும்னு புல்லை முடிச்சுப் போடுவாங்க, நம்ம ஊர்ல ஆடி பதினெட்டுக்கு மஞ்சக்கயிறு கட்டிக்கறதும் அதே வேண்டுதல்தானே! தண்ணியை நம்பி விதைக்கிற ஜனங்க எங்க இருந்தாலும் இப்படித்தான் கும்பிடத் தோணும்னு நான் நினைக்கறேன்.

கேள்வி (நாகூர் வாசகர்): ரம்ஜான் வருஷா வருஷம் முன்னாடி போய்க்கிட்டே இருக்கு, தீபாவளி மட்டும் ஐப்பசியை ஒட்டியே நிக்குதே, ஏன்?

பதில்: உங்க மாவட்டத்துலயே பதில் இருக்குங்க. வேளாங்கண்ணித் திருவிழா சூரியக் கணக்கு, எந்த வருஷமும் செப்டம்பர் 8தான். உங்க ஊர் தர்கா கந்தூரித் திருவிழா பிறை மட்டும் பாத்து வர்றது, பிறை வருஷம் சுமார் 354 நாள், அதனால பதினோரு நாள் கிட்ட முன்னாடி வந்துக்கிட்டே போய் சுமார் 33 வருஷத்துல ஒரு சுத்து முடியும். சிக்கல் ஊர்க் கோயில்ல முருகன் வேல் வாங்கற கந்த சஷ்டி மூணாவது ரகம், அதுவும் பிறைதான், ஆனா ரெண்டரை மூணு வருஷத்துக்கு ஒரு தடவை அதிக மாசம்னு ஒண்ணு சேத்து இழுத்துப் பிடிச்சுடுவாங்க, தீபாவளியும் அந்தக் கணக்குதான். ரம்ஜான் பதினோரு நாள் முன்னாடி வர்றதால 2030ல நோன்பு ரெண்டு தடவை ஆரம்பிக்கும், ஜனவரில ஒண்ணு, டிசம்பர் கடைசில இன்னொண்ணு.