இங்கிலாந்தில் வயல்வழிப் பாதையை நிலத்துக்காரர் அடைக்கலாமா?

"நிலம் அவருடையது, வேலி போட்டால் என்ன தப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிலம் அவருடையதுதான். ஆனால் அது பொதுப்பாதை என்றால் அதில் நடக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

முதலில் உள்ளூர் கவுன்சிலின் அதிகாரபூர்வப் பாதை வரைபடத்தைப் பாருங்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது அது. பாதை அதில் இருந்தால் பேச்சே இல்லை.

இல்லையென்றால்தான் சண்டை. 1980 நெடுஞ்சாலைச் சட்டம் 31ஆம் பிரிவுப்படி, மக்கள் வலுக்கட்டாயமோ ஒளிவுமறைவோ இல்லாமல், அனுமதியும் வாங்காமல், 20 ஆண்டுகள் தொடர்ந்து நடந்திருந்தால் அது பொதுப்பாதையாகக் கருதப்படும். அப்படி விட்டுக்கொடுக்கும் எண்ணம் தனக்கு இல்லை என்று உரிமையாளர் காட்டியிருந்தால் கதை மாறும். உரிமை முதலில் கேள்விக்குள்ளான நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். அதனால் கேட்டில் 'பொதுவழி அல்ல' என்ற பலகை எந்த ஆண்டு தொங்கியது என்பதே வழக்கின் உயிர். "சின்ன வயதில் பள்ளிக்கு இப்படித்தான் போவேன்" என்று ஒரு பாட்டி எழுதித் தரும் படிவம் பெரிய ஆதாரம். தயவுசெய்து அவர்களிடம் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

வரைபடத்தில் இருந்தும் இழுபறி ஆனதுண்டு. கிழக்கு சசெக்ஸின் ஃப்ராம்ஃபீல்டில் கொட்டகை, முள்கம்பி, பழைய குளிர்பதனப் பெட்டிகள் வைத்து அடைத்த பாதை, பல ஆண்டு வழக்குக்குப் பிறகு 2003இல்தான் திறந்தது.