ஓட்டம் மட்டும் போதாது: ஸ்னோபோர்டுக்கு உடம்பைப் பழக்குவது எப்படி?

இரண்டு பாதத்தையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் நின்றபடி பனிச்சரிவில் சறுக்குவதுதான் ஸ்னோபோர்டிங். இந்த இதழுக்கு வந்த உடற்பயிற்சிக் கேள்விகளில் அதைப் பற்றியவை இங்கே. பனிச்சறுக்குப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

பிப்ரவரியில் நண்பர்களோடு காஷ்மீரில் உள்ள குல்மார்க் போய் ஸ்னோபோர்டு கற்றுக்கொள்ளப் போகிறேன். தினமும் 5 கி.மீ. ஓடுகிறேன். அது போதுமா?
வாசகர், கோயம்புத்தூர்

மூச்சுக்குப் போதும், தொடைக்குப் போதாது. ஓடும்போது தசை ஒவ்வோர் அடிக்கும் இறுகித் தளர்கிறது. பலகையில் அந்தத் தளர்வே கிடைக்காது. முழங்காலை மடக்கியபடி, சரிவு முடியும்வரை முன்தொடையும் பிட்டத் தசையும் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். திருப்பத்தில் அந்தத் தசை நீண்டுகொண்டே எடையைப் பிடித்து நிறுத்தவும் வேண்டும். பழகாத தசைக்கு இந்த வேலை கொடுத்தால் வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்குப் போகும். நான்கு நாள் பயணத்தில் நடு இரண்டு நாள் இப்படித்தான் வீணாகிறது.

எட்டு வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் ஸ்குவாட். இறங்க 4 நொடி, கீழே 1 நொடி, பிறகு சாதாரணமாக எழலாம். 10 முறை, 3 சுற்று. தோப்புக்கரணம் போட்டவர்களுக்கு இதன் அமைப்பு தெரியும். வேகத்தை மட்டும் குறைக்க வேண்டும். மூன்றாம் வாரத்திலிருந்து 5 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் இரண்டும் உள்பக்கம் சாய்ந்தால் பையைக் கீழே வையுங்கள். எடை சீக்கிரம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது சுவரில் முதுகு சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்காருவது. 30 நொடியில் தொடங்கி 90 நொடிக்குக் கொண்டுபோங்கள். 60 நொடி தாண்டியதும் உட்கார்ந்தபடியே 10 நொடி குதிகாலைத் தூக்குங்கள், அடுத்த 10 நொடி முன்பாதத்தைத் தூக்குங்கள். பலகையின் விரல் பக்க விளிம்பில் நிற்கக் கெண்டைக்கால் உழைக்கிறது, குதிகால் பக்க விளிம்புக்கு முழங்காலுக்குக் கீழே முன்புறம் இருக்கும் தசை உழைக்கிறது. அந்த முன்புறத் தசையை ஜிம்மில் யாரும் கண்டுகொள்வதில்லை. முதல் நாள் மதியத்துக்குள் முதலில் கைவிடுவதும் பெரும்பாலும் அதுதான்.

தரையில் ஒரு கோடு போட்டு இரண்டு காலாலும் பக்கவாட்டில் தாண்டுங்கள், பக்கத்துக்கு 10. இறங்கும் சத்தம் கேட்கக் கூடாது. பக்கவாட்டு பிளாங்க், அதாவது ஒருக்களித்து ஒரு முன்கையை ஊன்றி உடம்பை நேராகத் தூக்கி நிறுத்துவது, இரு பக்கமும் 30 நொடி. தண்டால் 8 முதல் 12. தண்டால் எதற்கு என்று தோன்றலாம்; கற்றுக்கொள்ளும் நாள்களில் சறுக்கும் நேரத்தைவிட விழுந்து எழும் நேரம் அதிகம், அந்த வேலை முழுக்கத் தோளுக்கும் கைக்கும்தான்.

அடுக்குமாடியில் இருந்தால் இன்னொன்று: லிஃப்டில் ஏறி, படியில் இறங்குங்கள். டாக்டர்கள் சொல்வதற்கு நேர்மாறுதான். ஆனால் இந்த விளையாட்டுக்கு இறக்கமே பயிற்சி. கிளம்பும் வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

உடம்பு நன்றாக இருந்தால் குல்மார்க் உயரம் ஒன்றும் செய்யாதுதானே?
வாசகர், சென்னை

அப்படி இல்லை. உயரத்தால் வரும் தலைவலியும் குமட்டலும் ஃபிட்டான ஆளா என்று பார்த்து வருவதில்லை. குல்மார்க்கே சுமார் 2,650 மீட்டர். அங்கே மலைமேல் ஏற்றிச் செல்லும் கம்பிவட ஊர்தியான கோண்டோலாவின் முதல் கட்டம் சுமார் 3,100 மீட்டருக்கும், அஃபர்வாட் மலைமேல் போகும் இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கு மேலும் ஏற்றிவிடும். கடல்மட்டத்திலிருந்து வந்தவர் முதல் நாள் நடந்து, தண்ணீர் குடித்து, சீக்கிரம் தூங்கினால் போதும். ஆரம்பநிலைச் சரிவுகள் ஊரை ஒட்டியே இருப்பதால் இரண்டாம் கட்டத்துக்கு உங்களுக்கு இப்போது வேலையும் இல்லை. தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் மாத்திரை போட்டுச் சமாளிக்காதீர்கள், கீழே இறங்கிவிடுங்கள்.

எனக்கு 46 வயது. மகளோடு இங்கே ஒன்டாரியோவில் உள்ள ப்ளூ மவுண்டன் பனிச்சறுக்குத் தளத்துக்குப் போனேன். சறுக்குவதைவிட எழுந்து நிற்பதுதான் பெரும் பாடு. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. பலமில்லாததாலா?
வாசகி, டொராண்டோ

பாதிதான் பலம். மீதி, கணுக்காலும் இடுப்பும் மடங்காதது. உட்கார்ந்து எழ வேண்டுமானால் பலகையைப் பிட்டத்துக்கு அருகில் இழுத்து, எடை முழுவதையும் அதன்மேல் கொண்டுவர வேண்டும். பலகை ஓரடி தள்ளி இருந்தால் எவ்வளவு பலசாலியும் திரும்பப் பின்னால்தான் விழுவார்.

இப்போதைக்கு வேறு வழி இருக்கிறது. மல்லாந்து படுத்துப் பலகையைத் தூக்குங்கள், அப்படியே புரண்டு குப்புற வாருங்கள். பலகை சரிவுக்குக் குறுக்கே இருக்கட்டும். முழங்கால் போட்டு, விரல் பக்க விளிம்பைப் பனியில் அழுத்தி, கைகளால் தள்ளிப் பின்பக்கமாக எழுங்கள். மலையைப் பார்த்தபடி நிற்பீர்கள். உட்கார்ந்து எழுவதில் செலவாகும் தெம்பில் பாதிகூட இதற்கு வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 10 முறை எழுங்கள். எளிதானதும் 30 செ.மீ. முக்காலி, பிறகு 20 செ.மீ. மணை. கணுக்காலுக்கு, வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டுக் கிளம்பாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். பெருவிரலுக்கும் சுவருக்கும் 10 செ.மீ. இடைவெளியில் தொட முடிந்தால் போதும். சமையல் மேடையைப் பிடித்துச் சாய்ந்தபடி தண்டால் எடுங்கள்.

ஒன்டாரியோச் சரிவுகளில் செயற்கைப் பனி அதிகம். குளிர்ந்த காலையில் அது பாறைபோல இறுகியிருக்கும். ஸ்னோபோர்டில் புதியவர்களுக்கு அதிகம் உடைவது மணிக்கட்டு, அதுவும் விரித்த உள்ளங்கையை ஊன்றுவதால்தான். ஆகவே மணிக்கட்டுக் காப்பு கட்டாயம், ஹெல்மெட்டும். முன்னால் விழுந்தால் கையை முட்டியாக மூடிக்கொண்டு, முழங்காலும் முன்கையும் படும்படி விழுங்கள். பின்னால் விழுந்தால் உடம்பைத் தாழ்த்தி உட்கார்ந்து, தாடையை நெஞ்சோடு ஒட்டிப் புரளுங்கள். இதை வீட்டில் மெத்தைமேல் நாலு நாள் பழகிவிட்டுப் போங்கள். பயமும் பாதி குறையும்.

மூன்று சீசனாகச் சறுக்குகிறேன். மத்தியானத்துக்குப் பிறகு பின்கால் தொடை எரிகிறது, பாதம் குறண்டிப் பிடிக்கிறது. என்ன பயிற்சி செய்யலாம்?
வாசகர், சூரிச்

பயிற்சி பிறகு, முதலில் நிற்கும் முறையைப் பாருங்கள். பலகையில் பின்னால் இருக்கும் கால் மட்டும் எரிகிறது என்றால் எடையைப் பின்னால் போட்டுச் சறுக்குகிறீர்கள். செங்குத்துச் சரிவைப் பார்த்ததும் உடம்பு தானாகப் பின்வாங்கும், அப்போது பலகையின் முன்பகுதி லேசாகித் திரும்ப மறுக்கும், அதைப் பின்காலால் உதைத்துத் திருப்புவீர்கள். நாள் முழுக்க அந்த உதை விழுந்தால் எந்தத் தொடையும் எரியத்தான் செய்யும். எளிய சரிவுக்குத் திரும்பி, ஒவ்வொரு திருப்பத்தையும் முன்கால் முழங்காலால் தொடங்கிப் பாருங்கள். இரண்டு தொடையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் களைத்தால் சரியாகிவிட்டது.

பாதம் குறண்டுவது பூட்ஸ் விஷயம். குதிகால் உள்ளே தூக்கினால் விரல்கள் பனியைப் பிடிக்கப் பார்ப்பதுபோல மடங்கி இறுகும். பாதத்தின்மேல் வரும் பட்டையை வரம்பு மீறி இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து மரத்துப்போகும். ஒரே ஒரு மெல்லிய சாக்ஸ் போடுங்கள், சரிவின் உச்சிக்குக் கொண்டுபோகும் லிஃப்டில் ஏறும்போது பூட்ஸைச் சற்றுத் தளர்த்துங்கள்.

மணாலி பக்கம் சோலாங்கில் ஸ்னோபோர்டில் விழுந்து மூன்று வாரமாகிறது. கணுக்கால் சுளுக்கு என்றார்கள், எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. வெளிப்பக்க எலும்புக்குக் கீழே இன்னும் அழுத்தினால் வலிக்கிறது. மறுபடி பயிற்சி தொடங்கலாமா?
வாசகர், பெங்களூரு

வேண்டாம். கணுக்கால் மூட்டுக்குள் இருக்கும் தாலஸ் எலும்பின் வெளிப்பக்க முனை உடைவது ஸ்னோபோர்டர்களிடம் அடிக்கடி காணப்படும் காயம். பார்க்கச் சுளுக்குபோலவே இருக்கும், வலிக்கும் இடமும் ஏறக்குறைய அதேதான். சாதாரண எக்ஸ்ரேயில் இது தப்பிப்போகும். எலும்பு மருத்துவரிடம் ஸ்னோபோர்டில் விழுந்ததைத் தெளிவாகச் சொல்லி, சி.டி. ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். கவனிக்காமல் விட்டால் எலும்பு சேராமல், பின்னாளில் அந்த மூட்டே தேய்ந்துபோகலாம். முடிவு தெரியும்வரை குதிப்பதும் ஓடுவதும் கூடாது.

சீசன் முடிந்த பிறகு எவ்வளவு செய்தால் பலம் குறையாமல் இருக்கும்?
வாசகி, சிங்கப்பூர்

வாரம் இரண்டு நாள் போதும். எண்ணிக்கையைக் குறைக்கலாம், எடையைக் குறைக்காதீர்கள். சைக்கிள் நல்லதுதான், ஆனால் அதில் தசை எடையைப் பிடித்து இறக்கும் வேலை கிடையாது; மெதுவாக இறங்கும் ஸ்குவாட்டை விடாதீர்கள். கடையில் விற்கும், உருளைமேல் வைத்து நின்று பழகும் பலகை சமநிலைக்கு உதவும், தொடைப் பலத்துக்கு உதவாது. டைல்ஸ் தரையில் மட்டும் அதை வைக்காதீர்கள், ரப்பர் பாய் விரித்துச் செய்யுங்கள்.