எட்டாம் கிரேட் பியானோ: எந்த மூன்று பீஸ்?

கேள்வி: என் மகள் அடுத்த வருடம் ஏபிஆர்எஸ்எம் (பிரித்தானிய இசைப் பரீட்சைச் சபை) எட்டாம் கிரேட் செயல்முறைப் பரீட்சை எடுக்கிறாள். விரல் வேகம் நன்றாக வரும். ஆனால் கை சிறியது, ஒரு ஒக்டேவ் (எட்டு வெள்ளைக் கட்டை அகலம்) எட்டுவதே சிரமம். பட்டியலுக்கு ஒன்றாக எடுக்க வேண்டிய மூன்று பட்டியலிலும் வேகமான பீஸ்களாகவே பார்த்து எடுத்திருக்கிறாள். மெதுவானதை வாசித்தால் புள்ளி குறையும் என்கிறாள். உண்மையா?
- ஒரு தாயார், ஹட்டன்

பதில்: குறையாது. ஒவ்வொரு பீஸுக்கும் 30 புள்ளி, அதில் 20 எடுத்தால் சித்தி. பரீட்சை முழுவதற்கும் 150. சித்திக்கு 100, மெரிட்டுக்கு 120, டிஸ்டிங்ஷனுக்கு 130 வேண்டும். கஷ்டமான பீஸ் என்பதற்காக யாரும் கூட்டிப் போடுவதில்லை. எடுத்ததை எப்படி வாசித்தார் என்பதற்குத்தான் புள்ளி.

ஏ பட்டியலில் விரல் நுட்பம், பி பட்டியலில் பாடுவது போன்ற வாசிப்பு, சி பட்டியலில் பலவகைப் பாணிகள் என்று பிரித்திருக்கிறார்கள். ஆனாலும் பி-யிலேயே ஓட்டமாகப் போகிற பீஸைத் தேடி எடுத்து, சி-யிலும் அதையே செய்தால், பரீட்சகர் ஒரே திறமையை மூன்று தடவை கேட்கிறார். மகளுக்கு வேறு எதுவும் வரும் என்பதைக் காட்ட இடமே இல்லாமல் போகும்.

பழகத் தொடங்குமுன் ஒரு தாளில் மூன்று பீஸுக்கும் இவற்றை எழுதச் சொல்லுங்கள்: என்ன கீ, என்ன தாளம், வேகம், பெடல் எவ்வளவு, அதிக வேலை எந்தக் கைக்கு, முடிவு பலமாகவா மெதுவாகவா. ஒரே பதில் இரண்டு பீஸில் வந்தால் பரவாயில்லை. மூன்றிலும் வந்தால் ஒன்றை மாற்றியே ஆகவேண்டும்.

தன்மைக்கு ஓர் உதாரணம் சொல்கிறோம். பரீட்சைக்கு எடுப்பது அந்தந்த வருடப் பாடத்திட்டத்தில் இருக்க வேண்டும். பாக்கின் 48 ப்ரெலூட், ஃபியூக்குகளின் முதற் புத்தகத்தில் (1722) உள்ள சி மைனர் ப்ரெலூடும் ஃபியூக்கும் (ஃபியூக் என்பது ஒரே கருப்பொருளைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வருவது). சொப்பினின் இ மைனர் நொக்டர்ன் (இரவின் அமைதியில் பாடுவது போன்ற பீஸ்), ஓபஸ் 72 இலக்கம் 1. பார்ட்டோக்கின் ருமேனிய நாட்டுப்புற நடனங்கள் (1915). முதலாவதில் பெடல் மிகக் குறைவு, இரண்டு கைக்கும் சம வேலை. இரண்டாவது பெடலை நம்பியே நிற்கிறது. மூன்றாவதில் அடியும் அழுத்தமும்தான் உயிர்.

வேகமான கைக்காரர்கள் சறுக்குவது நொக்டர்னில்தான். இடது கையில் ஒரு பாருக்கு நாலு டிரிப்லெட் (மும்மூன்று சுரக் கூட்டம்), அதாவது 12 சுரம், அகலமாக விரிந்து போகும். அவை வலது கையின் மெட்டை அமுக்கிவிடும். முதலில் இடது கையை மட்டும் பெடலோடு வாசிக்க வேண்டும்: அடிச் சுரம் ஒலிக்கும்போது கால் மேலே வரவேண்டும், ஒலித்தவுடனேயே கீழே போகவேண்டும். கால் முந்தினால் இடைவெளி விழும், பிந்தினால் பழைய சுரம் புதியதோடு கலந்து குழம்பும். இது சுத்தமாக வந்தபிறகு வலது கையைச் சேர்த்து, இடது கையை அரைவாசிச் சத்தத்துக்கு இறக்கலாம்.

ஃபியூக்கில் வேறு சிக்கல். மூன்று குரல்; கருப்பொருள் முதலில் நடுக்குரலில் வரும், பிறகு மேற்குரல், பிறகு கீழ்க்குரல். தொடக்கத்திலிருந்தே பழகும் பிள்ளை நடுவில் தடுக்கினால் திரும்பத் தொடக்கத்துக்குத்தான் போகும். கருப்பொருள் நுழையும் ஒவ்வோர் இடத்திலும் பென்சிலால் குறித்து, அந்த இடங்களிலிருந்து தொடங்கிப் பழக வேண்டும். இரண்டு குரலை வாசித்து மூன்றாவதை வாயால் பாடுவது இன்னும் நல்லது.

சிறிய கைக்கு ஒரு எச்சரிக்கை. பிராம்ஸின் ஏ மேஜர் இன்டர்மெட்சோ (ஓபஸ் 118 இலக்கம் 2) போன்றவை மெதுவாக இருப்பதால் இலகு என்று தோன்றும். விரிந்த சுரக்கட்டுகள் கையை இழுத்துவிடும். டெபுஸ்ஸியிலும் இதைப் பார்த்து எடுங்கள். ஸ்கார்லட்டியும் ஹேடனும் பெரும்பாலும் சிறிய கைக்குள் அடங்கும். மணிக்கட்டில் வலி வந்தால் அந்த பீஸை அன்றே மாற்றிவிடுங்கள், பொறுத்துக்கொண்டு பழக விடாதீர்கள்.

கேள்வி: எட்டுக்குப் போக ஏழாம் கிரேட் கட்டாயமா?
- மாணவன், பதுளை

பதில்: இல்லை. ஆனால் ஐந்தாம் கிரேட் தியரி, அல்லது அதற்கு ஈடாக ஏற்கப்படும் சித்தி ஒன்று இருக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வரை இந்த நிபந்தனை உண்டு. விண்ணப்பத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பியானோ பழைய அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும் வகை). மழைக்காலத்தில் கட்டைகள் கீழே இறங்கினால் உடனே எழும்பாது. ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும் பீஸ்களை விட்டுவிடவா?
- மாணவி, நுவரெலியா

பதில்: வீட்டுப் பியானோவை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஈரத்தில் மரமும் கட்டைகளின் துளைகளில் உள்ள ஃபெல்ட்டும் ஊதிப்போவதுதான் காரணம். எண்ணெய் விடாதீர்கள், நிலைமை இன்னும் கெடும். டியூனரைக் கூப்பிட்டுத் துளைகளைத் தளர்த்தச் சொல்லுங்கள். அடியில் பொருத்தும் சிறிய ஹீட்டர் கம்பி பற்றியும் கேளுங்கள். வெளிச்சுவரை ஒட்டியும் அடுப்பங்கரைக்குப் பக்கத்திலும் பியானோ இருக்கக் கூடாது.

அப்ரைட்டில் கட்டை கிட்டத்தட்ட முழுதும் மேலே வந்தால்தான் அடுத்த அடி விழும். கிராண்டில் (தந்திகள் படுக்கையாக இருக்கும் பெரிய வகை) பாதி வந்தாலே போதும். பாரிஸ் பியானோத் தயாரிப்பாளர் எராரின் 1821 கண்டுபிடிப்பு இது. மண்டபத்தில் கிராண்ட் இருந்தால் உங்களுக்கு அந்த பீஸ் இலகுவாகிவிடும், ஆகவே என்ன பியானோ என்பதை முன்கூட்டியே விசாரியுங்கள். இடது பெடலும் இரண்டிலும் வேறு: அப்ரைட்டில் சுத்தியல் தந்திக்குக் கிட்ட வரும், கிராண்டில் முழுக் கட்டை வரிசையும் பக்கவாட்டில் நகர்ந்து ஒலியின் நிறமே மாறும். தேவாலயத்திலோ பள்ளிக்கூடத்திலோ கிராண்ட் இருந்தால் அனுமதி வாங்கி, முக்கியமாக மெதுவான பீஸை அதில் வாசித்துப் பாருங்கள்.

குளிரில் விரல் விறைக்கும் காலைப் பரீட்சைக்கு இன்னொரு வழி: பீஸ்களை வாசிக்கும் வரிசையை நீங்களே தீர்மானிக்கலாம், ஸ்கேல்ஸையும் (சுர வரிசைகள்) முதலில் வாசிக்கக் கேட்கலாம். ஃபியூக்கில் தொடங்காதீர்கள். கை சூடாகும்வரை கையுறையைக் கழற்ற வேண்டாம்.

கேள்வி: வீடியோவில் அனுப்பும் பர்ஃபோமன்ஸ் கிரேடில் நாலாவது பீஸ் விருப்பத் தெரிவு. சினிமாப் பாட்டின் பியானோ வடிவத்தைப் போடலாமா?
- டீச்சர், பண்டாரவளை

பதில்: தரம்தான் கேள்வி. நாலாவது பீஸும் எட்டாம் கிரேட் அளவிலாவது இருக்க வேண்டும். இடது கையில் கோர்ட்ஸ் (சுரக்கட்டுகள்) பிடித்து வலது கையில் மெட்டு மட்டும் வாசிக்கும் வடிவங்கள் அந்த அளவுக்கு வராது. இரண்டு கையிலும் உண்மையான வேலை உள்ள, முழுதாக எழுதிய வடிவம் என்றால் யோசிக்கலாம்.

நாலு பீஸும் இடைவெளியும் சேர்த்து 20 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, ஒரே பதிவாக வெட்டாமல் எடுக்க வேண்டும். பீஸுக்குத் தலா 30 போக, நிகழ்ச்சி முழுவதற்கும் தனியாக 30 புள்ளி உண்டு. வரிசைக்கு அங்கே மதிப்பிருக்கிறது. இரண்டு மெதுவானதை அடுத்தடுத்து வைக்காதீர்கள். 19 நிமிடம் வரும் நிகழ்ச்சியை விட 17 நிமிடத்தில் முடிவது பாதுகாப்பு, ஏனென்றால் பதற்றத்தில் பிள்ளைகள் பீஸ்களுக்கு நடுவில் நீண்ட நேரம் நிற்பார்கள்.