சின்னச் சபையில் ஒருவரே இரண்டு கீபோர்டு வாசிப்பது அவசியமா? எப்படி அமைத்துக்கொள்வது?

கேட்டவர் தோட்டப்புறச் சபை ஒன்றில் தனியாளாகக் கீபோர்டு வாசிக்கிறார். இன்னொரு கீபோர்டு வாங்க மூப்பர்கள் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். அது வீண்செலவா, ஒரே நல்ல கீபோர்டு போதாதா என்பது அவருடைய சந்தேகம்.

வீண்செலவு இல்லை. ஆனால் சத்தத்தைக் கூட்டுவதற்காக வாங்காதீர்கள். சபை பாடிக்கொண்டிருக்கும்போது உங்கள் கை நிற்கக்கூடாது, அதற்காக வாங்குங்கள். இரண்டாவது கீபோர்டால் கிடைக்கிற பெரிய லாபம் இதுதான்.

நான் வாசிப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். சுற்றியுள்ள தோட்டங்களில் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது, தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்கள் காலியாயின, சனம் பட்டணத்துத் தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்கு, வந்துவிட்டது. பிள்ளைகள் ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று வேலைக்குப் போய்விடுகிறார்கள். கிட்டார்காரர் ஒரு மாதம் இருப்பார், அடுத்த மாதம் இருக்கமாட்டார். உங்கள் ஊரிலும் நிலைமை இப்படித்தான் இருக்கும். அதனால் இங்கே இரண்டு கீபோர்டு என்பது ஆடம்பரம் இல்லை, இல்லாத ஆட்களின் வேலையையும் சேர்த்துச் செய்வதற்கான வழி.

நம் தமிழ் ஆராதனையின் அமைப்பைப் பாருங்கள். ஒரே காலையில் மூன்று வகைப் பாட்டு வருகிறது. முதலில் ஞானப்பாட்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்த மிஷனரிமாரும் கொண்டுவந்த ஜெர்மன் மெட்டுகளின் வழி அது. அதற்கு நான்கு குரல் ஆர்கன் வேண்டும். அடுத்தது கீர்த்தனை. நம் ராகம், நம் தாளம், பல்லவி அனுபல்லவி சரணத்தோடு. கடைசியில் பிள்ளைகள் கேட்கிற துதிப்பாடல், பியானோவும் ஸ்ட்ரிங்ஸும் (பல வயலின் சேர்ந்து இழைப்பது போன்ற சத்தம்). மூன்றையும் ஒரே கீபோர்டில் வாசித்தால் நடுவில் வாய்ஸ், அதாவது எந்த வாத்தியத்தின் சத்தம் என்பதை, மாற்றியாக வேண்டும். பழைய மாடல்கள் பலவற்றில் மாற்றின கணத்திலேயே பிடித்திருந்த சுரம் பட்டென்று அறுந்துவிடும். அந்த அரை நொடியில் பாட்டிமார் குரல் தடுமாறுவது முன்னால் உட்கார்ந்திருக்கும் நமக்கு நன்றாகவே கேட்கும்.

இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிகிற இடம் திருவிருந்து. எத்தனை பேர் எழுந்து வருவார்கள், எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. முழங்கால் வலியோடு மெல்ல நடந்து வருகிறவர்கள் நிறைய. பாட்டின் கடைசிச் சரணம் முடிந்துவிடும், பலிபீடத்தின் முன் இன்னும் ஒரு வரிசை முழங்காலில் இருக்கும். அப்போது கீழ்க் கீபோர்டில் இடது கை மெதுவாக ஸ்ட்ரிங்ஸைப் பிடித்துக்கொண்டே இருக்கும். வலது கை மேல்க் கீபோர்டுக்குப் போய் அடுத்த பாட்டுக்கான வாய்ஸை எடுத்து, வால்யூமைக் குறைத்து, அதன் முதல் வரியைத் தனிச் சுரமாக மெல்ல வாசிக்கும். பாட்டு எண்ணை யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. இரண்டாவது அடி வருவதற்குள் சபை தானாகப் பாட ஆரம்பித்துவிடும். வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். இது ஒன்றுக்காகவே நான் இரண்டு கீபோர்டு வேண்டும் என்பேன்.

இரண்டாவது காரணம் கீர்த்தனை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வேறு எங்கேயும் இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

நம்மில் பலர் கார்டு (chord, பல சுரங்களைச் சேர்த்துப் பிடிப்பது) படித்துவிட்டுத்தான் கீர்த்தனைக்கு வருகிறோம். மாயாமாளவகௌளை ராகத்தில் ஒரு கீர்த்தனை என்று வைத்துக்கொள்ளுங்கள். சி-யை சட்ஜமாக (ச) எடுத்தால் அதன் ரிஷபம் (ரி) டி ஃப்ளாட். பழக்கதோஷத்தில் ஜி மேஜர் கார்டு போட்டால் அதற்குள் சுத்தமான டி இருக்கிறது. ராகத்திலேயே இல்லாத சுரம் அது. பாடுகிறவர் டி ஃப்ளாட்டில் நிற்க, கீபோர்டு டி-யில் நிற்க, பாட்டு அங்கேயே கெட்டுவிடும். கேட்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ இடிக்கிறது என்று தெரியும்.

இதற்கு வழி எளிது. கீழ்க் கீபோர்டில் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் பிடியுங்கள், அதாவது சி, ஜி. நடுவில் காந்தாரம் வேண்டாம். தம்புரா செய்கிற வேலையை அது செய்யும். ஹிந்தோளம் மாதிரி பஞ்சமமே இல்லாத ராகமாக இருந்தால் சட்ஜமும் மத்தியமமும் பிடியுங்கள். மோகனத்துக்குக் கார்டு போட்டாலும் பெரிய பாதகம் இல்லை, அந்த ஐந்து சுரமும் சி மேஜருக்கும் ஏ மைனருக்கும் இணங்கிப் போகும். இப்படி அடித்தளம் நின்றபின் மேல்க் கீபோர்டில் புல்லாங்குழலோ வயலினோ எடுத்து, பாடுகிறவரின் பின்னாலேயே சாகித்தியத்தை வாசியுங்கள்.

சுரத்தை வளைத்து அசைக்கும் கமகத்துக்குப் பிட்ச் பெண்ட் சக்கரம் வேண்டும். பெரும்பாலான கீபோர்டுகளில் அது மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் நகரும்படி வைத்திருப்பார்கள். ஒரே கீபோர்டைப் பாதியாகப் பிரித்து, அதாவது ஸ்ப்ளிட் போட்டு, இடது பக்கம் ஸ்ட்ரிங்ஸும் வலது பக்கம் குழலுமாக வைத்தால், குறைந்த விலை மாடல்களில் பெரும்பாலும் சக்கரத்தை அசைத்ததும் இரண்டும் சேர்ந்து வளையும். சுருதியே வளைந்தால் பாடுகிறவர் எதைப் பிடிப்பார்? தனிக் கீபோர்டாக இருந்தால் குழல் மட்டும் வளையும், சட்ஜ பஞ்சமம் அசையாமல் நிற்கும். இடது கை சக்கரத்துக்குப் போகும்போது கீழே உள்ள சுரத்தை சஸ்டெயின் பெடல் தாங்கிக்கொள்ளும்.

இந்தக் கீர்த்தனைகளைப் புத்தகம் பார்க்காமல் பாடுகிற தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. காலையில் ரப்பர்ப் பாலெடுக்க மரம் வெட்டப் போகும்போதே பாடிக்கொண்டு போனவர்கள். அவர்கள் பாடுகிற விதத்துக்குக் கீபோர்டு வளைந்து கொடுக்க வேண்டும். அவர்களைக் கீபோர்டுக்கு வளைப்பது எனக்குச் சம்மதமில்லை.

இனி அமைப்பு. எதைக் கீழே, எதை மேலே வைப்பது? எடை அதிகமானதும் பியானோ போல அழுத்தமான கீ உள்ளதும் கீழே. 61 கீ உள்ள லேசானது மேலே. இரண்டுமே 61 கீ என்றால் நல்ல பியானோ, ஸ்ட்ரிங்ஸ் உள்ளது கீழே, பெண்ட் சக்கரம் உள்ளது மேலே. எக்ஸ் வடிவ ஸ்டாண்டில் மேல்தட்டு மாட்டி வாசிக்காதீர்கள், ஆடும். இசட் வடிவம் அல்லது நான்கு கால் உள்ள இரண்டடுக்கு ஸ்டாண்டு வாங்குங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். மேல்க் கீபோர்டு கீழுள்ளதன் திரையையும் பட்டன்களையும் மறைக்கக்கூடாது, உங்கள் பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தால் மணிக்கட்டு வலிக்காது. பாட்டுத் தாளைக் காற்றாடி பறக்கடிக்காமல் இருக்கத் துணிக் கிளிப் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெடல் விஷயத்தில் குழப்பம் வரும். சஸ்டெயின் பெடல் கீழ்க் கீபோர்டுக்கு மட்டும் போதும். மேலே உள்ளதற்கு, துளை இருந்தால், வால்யூம் பெடல் போடுங்கள். குழல் மெல்ல நுழைந்து மெல்ல விலக அது உதவும். சஸ்டெயின் பெடல் தலைகீழாக வேலை செய்தால், அதாவது மிதித்தால் அறுந்து, விட்டால் நீண்டால், பயப்பட வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி அந்தச் சுவிட்ச் மாறும். பெடலின் அடியில் சின்ன விசை இருந்தால் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் கீபோர்டை அணைத்து, பெடலில் கால் வைக்காமல் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் பட்டன் ஆபத்தானது. பாடுகிறவருக்கு சுருதி எட்டவில்லை என்று ஒன்றில் மட்டும் மாற்றிவிட்டால் இரண்டு கீபோர்டும் வேறு வேறு சுருதியில் முழங்கும். மாற்றினால் இரண்டிலும் மாற்றுங்கள், பாட்டு முடிந்ததும் இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். முடிந்தவரை எல்லாச் சுருதியிலும் கை பழகுவது இதைவிட நல்லது.

சவுண்ட் பக்கம் வருவோம். நம் சபைகளில் மிக்சர் சிறியது, மைக்குகளுக்கே சானல் பத்தாது. ஸ்டீரியோ ஆசையை விடுங்கள். பின்னால் ‘எல் / மோனோ’ என்று எழுதிய துளையில் மட்டும் ஒயர் போட்டால் இரண்டு பக்கச் சத்தமும் ஒன்றாகி அதில் வரும். ‘ஆர்’ துளையில் மட்டும் போட்டால் பாதிதான் வரும். ஹெட்போன் துளை மட்டுமே உள்ள மாடலாக இருந்தால் ஒரு ஸ்டீரியோ பிளக்கிலிருந்து இரண்டு மோனோவாகப் பிரியும் ஒய் ஒயர் தேவை. அதைச் சொருகியதும் கீபோர்டின் சொந்த ஸ்பீக்கர் அடங்கிவிடும், பழுது என்று நினைக்க வேண்டாம். மிக்சர் தூரத்தில் இருந்தால் ஒவ்வொரு கீபோர்டுக்கும் ஒரு டிஐ பாக்ஸ் (நீண்ட ஒயரில் இரைச்சல் சேராமல் சத்தத்தை மிக்சருக்கு அனுப்பும் சின்னப் பெட்டி) வேண்டும். இரண்டு கீபோர்டையும் மிக்சரையும் வேறு வேறு சுவர்ப் பிளக்கில் மாட்டும்போது ‘உம்ம்’ என்று ஒரு இரைச்சல் வரும். நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் சத்தம் அது. டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால் பெரும்பாலும் போய்விடும். பிளக்கின் எர்த் முள்ளை உடைப்பதும் ஒயரை வெட்டுவதும் உயிருக்கு ஆபத்து, அதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மேலே நல்ல சத்தம் இல்லாத பழைய கீபோர்டு இருந்தாலும் பயன்படும், ஒரு கீபோர்டால் இன்னொன்றை வாசிக்க வைக்கும் மிடி இணைப்பு இருக்கிறதே. 1983இல் வந்தது, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அந்த ஒயரில் சத்தம் போவதில்லை, எந்தக் கீயை எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்கிற கட்டளை மட்டும் போகும். மேலுள்ளதன் ‘அவுட்’டிலிருந்து கீழுள்ளதன் ‘இன்’னுக்கு ஒயர் போட்டு, மிடியின் 16 சானல்களில் ஒன்றைத் தனியாக ஒதுக்கினால், பழையதை அழுத்தும்போது புதியதன் சத்தம் வரும். கீழுள்ளது ஒரே நேரத்தில் பல சானல்களைத் தனித்தனி வாய்ஸில் வாசிக்கக்கூடியதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: இப்போது வரும் சிறிய மாடல்களில் வட்டமான ஐந்து முள் துளை இருப்பதில்லை, யுஎஸ்பி மட்டும்தான். கணினியோடு சேர்வதற்கான அந்த யுஎஸ்பி துளைகளை ஒன்றோடொன்று நேராக இணைத்தால் வேலை செய்யாது, நடுவில் கணினியோ அதற்கான ஹோஸ்ட் கருவியோ வேண்டும். கடையில் பணம் கொடுக்கும் முன் கீபோர்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள்.

வாசிப்பில் நான் கண்டிப்பாக இருக்கும் ஒரு விஷயம்: இரண்டு கீபோர்டு இருப்பதால் எப்போதும் இரண்டும் ஒலிக்க வேண்டியதில்லை. ஞானப்பாட்டுக்கு ஆர்கன் மட்டும் போதும், மேலே கை போகவே வேண்டாம். பேஸ் கிட்டார் இருக்கும் நாளில் இடது கையை நடு சி-க்குக் கீழே ஒரு ஸ்தாயிக்கு மேல் இறக்காதீர்கள், இரண்டும் மோதிச் சொற்கள் காதில் விழாது. டிரம்ஸோ டோலக்கோ இருந்தால் கீபோர்டு தானாக வாசிக்கும் ஸ்டைல் ரிதத்தை அணைத்துவிடுங்கள். யாருமே வராத நாளில் கீழே ஸ்டைல் ஓடட்டும், மேலே மெட்டு வாசியுங்கள். தகரக் கூரையில் மழை கொட்டினால் குழலும் ஸ்ட்ரிங்ஸும் காணாமல் போய்விடும். அப்போது பியானோவுக்கு மாறுங்கள், தாளம் தெளிவாகத் தெரிந்தால் சனம் விடாமல் பாடும். இடி நெருங்கினால் வாசிப்பதை நிறுத்தி எல்லாப் பிளக்கையும் கழற்றிவிடுங்கள், அந்த நேரத்துக்குக் கைத்தாளமே போதும்.

ஒத்திகைக்கு ஒன்று சொல்கிறேன். சனிக்கிழமை மாலை பாட்டு வரிசை கையில் வந்ததும் ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதி, கீழ் வாய்ஸ், மேல் வாய்ஸ், யார் தொடங்குவது என்று ஒரு வரியாகத் தாளில் எழுதுங்கள். பிறகு பாட்டுகளை முழுதாக வாசிக்க வேண்டாம். ஒரு பாட்டின் கடைசி அடியும் அடுத்த பாட்டின் முதல் அடியும் சேரும் இடங்களை மட்டும் திரும்பத் திரும்ப வாசியுங்கள். கை எங்கே தாவுகிறது, எந்தப் பட்டனை எப்போது அழுத்த வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

மூப்பர்கள் தரும் பணத்தில் முதலில் ஸ்டாண்டு, அடுத்து டிஐ பாக்ஸும் ஒயரும், மிச்சத்தில் கீபோர்டு. சபையில் வாசிக்க ஆசைப்படும் பிள்ளை ஒருவர் இருந்தால் மேல்க் கீபோர்டை அவருக்கே கொடுங்கள், முதலில் சட்ஜ பஞ்சமம் பிடிக்கட்டும். இப்போது உங்களிடம் இருக்கும் கீபோர்டின் மாடலையும் பின்பக்கத் துளைகளின் படத்தையும் கீழே போட்டால், எதோடு எதை இணைப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.