தன் மகரந்தத்தை ஏற்காத முட்டைக்கோசு

கேள்வி: முட்டைக்கோசுப் பூவில் மகரந்தமும் சூலகமும் சேர்ந்தே இருந்தும், சொந்த மகரந்தத்தால் விதை பிடிக்காதது ஏன்?

பதில்: முட்டைக்கோசின் மகரந்தத் துகள் வறண்ட நிலையில்தான் சூலகத்தின் உச்சியான சூலகமுடியில் விழுகிறது. அங்குள்ள செல்கள் நீர் கொடுத்தால் மட்டுமே அது முளைத்துத் தன் குழாயை உள்ளே செலுத்த முடியும். துகளின் மேற்பூச்சிலுள்ள சிறு புரதம், சூலகமுடிச் செல்லின் சவ்விலுள்ள ஏற்பிப் புரதத்துடன் பூட்டும் சாவியும்போலப் பொருந்தினால், அது தன் செடியின் மகரந்தம், அல்லது அதே மரபணு வகையைக் கொண்ட உறவுச் செடியின் மகரந்தம் என்று உணரப்பட்டு, நீர் மறுக்கப்படுகிறது. பொருத்தமே நிராகரிப்புக்குக் காரணமாவது உண்மையிலேயே வியப்புக்குரியது. ஆப்பிளும் தன் மகரந்தத்தை ஏற்பதில்லை; ஆனால் அதில், குழாய் சூலகமுடிக்குக் கீழுள்ள சூலகத்தண்டினுள் வளரத் தொடங்கிய பிறகே, செல் புரதம் தயாரிக்கத் தேவையான ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி அதைத் தடுக்கிறது. முட்டைக்கோசின் இளம் மொட்டில் ஏற்பி போதிய அளவில் உருவாகியிருக்காது என்பதால், விதை உற்பத்தியாளர்கள் மொட்டைப் பிரித்து, அதே செடியின் மகரந்தத்தைக் கையால் தடவி விதை எடுக்கிறார்கள்.