ஆங்கிலத்தில் 'புட் ஆஃப்' (put off), 'கால் ஆஃப்' (call off) இரண்டுக்கும் ஒரே அர்த்தமா?

இல்லை. 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடுவது. 'கால் ஆஃப்' என்றால் அடியோடு ரத்து செய்வது. இதை நான் காசு கொடுத்துக் கற்றவன். தேக்கடி பார்க்க வருகிறவர்களுக்காகக் குமுளியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறேன். ஒரு வெளிநாட்டுத் தம்பதி பயணத்தை 'புட் ஆஃப்' செய்வதாகச் செய்தி அனுப்பினார்கள். சரி, வரவில்லை போல என்று அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் மழையில் நனைந்த பைகளோடு வாசலில் நிற்கிறார்கள்! பக்கத்து விடுதியில் அறை எடுத்துக் கொடுத்தேன், என் செலவில்.

'புட்' தனி, 'ஆஃப்' தனி என்று பிரித்துப் பார்த்தால் அர்த்தம் பிடிபடாது. நம்ம 'காட்டிக்கொடு' மாதிரிதான் இதுவும். அதில் காட்டுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை, துரோகம்தான் இருக்கிறது. 'விட்டுக்கொடு'வும் அதே ஜாதி. அதனால் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாமல், ஒவ்வொன்றையும் ஒரே சொல்லாக, ஒரு முழு வாக்கியத்தோடு பழகுங்கள்.

இன்னொன்று: 'இட்' (it, அது) வந்தால் நடுவில்தான் உட்காரும். 'புட் இட் ஆஃப்' சரி, 'புட் ஆஃப் இட்' தப்பு. 'ட்ரிப்' மாதிரிப் பெயர்ச்சொல் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம். ஆனால் 'லுக் ஆஃப்டர்' (look after, கவனித்துக்கொள்வது) பிரியவே பிரியாது. அங்கே 'லுக் ஆஃப்டர் இட்' மட்டும்தான்.