ஒன்ராறியோவில் வேலை தேடும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். யாழ்ப்பாணத்தில் ஏழு வருடம் குடிசார் பொறியியலாளராக இருந்துவிட்டு, நிரந்தர வதிவிட உரிமையுடன் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து நான்கு மாதமாகிறது. இணையத்தில் எண்பதுக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் அனுப்பியும் ஒரு நேர்முகத்துக்குக்கூட அழைப்பு வரவில்லை. இலவச வேலைவாய்ப்பு நிலையங்களுக்குப் போவதில் பயனுண்டா, அல்லது ஐந்நூறு டொலர் கொடுத்தால் வேலை எடுத்துத் தருவதாகச் சொல்லும் முகவரை நம்பலாமா என்று கேட்கிறீர்கள்.

முகவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். வேலை தேடித் தருவதற்காகத் தற்காலிக வேலை முகவர் தொழிலாளியிடம் கட்டணம் அறவிடுவதை ஒன்ராறியோவின் தொழில் நியமச் சட்டம் தடைசெய்கிறது. 2024 யூலை 1 முதல் இத்தகைய முகவர் நிறுவனங்களும் ஆட்சேர்ப்பாளர்களும் மாகாண அரசின் உரிமம் பெற்றே இயங்கவேண்டும். நான் 2008இல் வந்தபோது, முதற் சம்பளத்திலிருந்து பதிவுச் செலவு என்று ஒரு தொகையைக் கழித்துக்கொண்டுதான் ஒரு முகவர் என்னைத் தொழிற்சாலைக்கு அனுப்பினார். ஊரில் கணக்காளராக இருந்த நான், அந்தத் தொழிற்சாலையின் இரவு வேலையில் ஐந்து வருடத்துக்கு மேல் நின்றேன்.

இலவச நிலையங்களுக்குப் போவதில் பயனுண்டு. ஆனால் அவை எங்கிருந்து வருகின்றன என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். மத்திய குடிவரவு அமைச்சின் நிதியில் நடக்கும் குடியமர்வுச் சேவைகள் ஒரு வகை. எம்பிளோய்மென்ட் ஒன்ராறியோ என்னும் பெயரில் மாகாணம் நடத்துவிக்கும் சேவைகள் மற்றொரு வகை. இரண்டையும் பெரும்பாலும் சமூக அமைப்புகளே நடத்துகின்றன. முதல் வகை நிரந்தர வதிவாளருக்கும் பாதுகாப்புப் பெற்ற அகதிகளுக்கும் உரியது. நீங்கள் குடியுரிமை எடுக்கும் நாளோடு அந்தக் கதவு மூடிக்கொள்ளும். இதை நான் குடியுரிமை எடுத்த பிறகே அறிந்தேன். வெளிநாட்டில் தொழில் பார்த்தவரை இங்கே அதே தொழிலுக்குத் தயார்செய்யும் இணைப்புப் பயிற்சி ஒன்றை, கணக்காளருக்கானதை, கேட்டுப் போனபோது, அது நிரந்தர வதிவாளருக்கு மட்டுமே என்று சொன்னார்கள். ஐந்து வருடமாக என் வீட்டிலிருந்து பத்து நிமிட பஸ் தூரத்தில் இருந்த வகுப்பு அது. இரவு வேலை பார்ப்பவனுக்கு அந்த இடத்தில் என்ன அலுவல் என்று நானே முடிவுசெய்திருந்தேன். ஆகவே வயிற்றுப்பாட்டுக்காக நாளை ஒரு களஞ்சியத்தில் வேலை எடுத்தாலும் அதற்காக இந்த நிலையங்களைத் தள்ளிவைக்காதீர்கள் என்று உங்களை மன்றாட்டமாகக் கேட்கிறேன்.

நிலையத்தில் எவரும் உங்கள் கையில் வேலையைத் தருவதில்லை. ஒரு ஆலோசகர் கிடைப்பார். மிகுதியெல்லாம் அவரை நீங்கள் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதில் இருக்கிறது. எந்த வேலையென்றாலும் சரி என்று சொன்னால், அவர் எந்த வேலையையோதான் காட்டுவார். கொங்கிறீற் கட்டமைப்பு, வீதி, வடிகால் ஆகியவற்றில் நீங்கள் எதைச் செய்தீர்கள், எத்தனை பேரை மேற்பார்வை செய்தீர்கள், எந்த மென்பொருளில் வரைந்தீர்கள் என்பதை எழுதிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். இரண்டு சந்திப்புகளுக்குப் பிறகும் உங்கள் தொழிலை அவர் விளங்கிக்கொள்ளாவிட்டால், வேறொருவரைக் கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை.

உங்கள் எண்பது விண்ணப்பங்களும் ஏன் பதிலின்றிப் போயின என்பதை ஓரளவு ஊகிக்கிறேன். ஊர் வழக்கப்படி புகைப்படம், பிறந்த திகதி, திருமண நிலை, சாதாரண தரப் பெறுபேறு எல்லாம் உள்ள நான்கு பக்கச் சுயவிபரக்கோவையை எல்லா இடத்துக்கும் அனுப்பியிருப்பீர்கள். இங்கே அந்த விபரங்கள் எதுவும் வேண்டாம். இரண்டு பக்கம் போதும். ஒவ்வொரு வேலைக்கும் அந்த விளம்பரத்தின் சொற்களைப் பார்த்துத் திருத்தவேண்டும். 2014இல் ஒரு எம்பிளோய்மென்ட் ஒன்ராறியோ நிலையத்தின் ஆலோசகர் மூன்று சந்திப்புகளில் என் கோவையை அடியோடு மாற்றி எழுதவைத்தார். அதன் பிறகுதான் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுவினைஞராகச் சேர்ந்தேன். நான் இழந்த தொழிலுக்குத் திரும்பும் முதற்படி அதுவே.

உங்களுக்கு அதைவிட முக்கியமானது, பிரிட்ஜிங் எனப்படும் இணைப்புப் பயிற்சி. அக்செஸ் எம்பிளோய்மென்ட் என்ற அமைப்பு 1986 முதல் இயங்குகிறது. ஸ்காபரோவிலும் நிலையம் வைத்திருக்கிறது. அங்கே பொறியியலாளருக்கு இப்போது என்ன பயிற்சி நடக்கிறது என்று நேரில் கேளுங்கள். இத்தகைய பயிற்சி உங்கள் பட்டத்தைச் சிறுமைப்படுத்துவதில்லை. யாழ்ப்பாணத்தில் அத்திவாரம் வெட்டும்போது நிலம் உறைவதைப் பற்றி நாம் யோசித்ததே இல்லை. தெற்கு ஒன்ராறியோவிலோ ஏறத்தாழ 1.2 மீற்றர் ஆழத்துக்குக் கீழே அத்திவாரம் போகாவிட்டால் பனிக்காலத்தில் மண் அதைத் தூக்கிவிடும். இங்குள்ள கட்டடச் சட்டக்கோவையையும் கட்டுமானத் தளத்தின் பேச்சுவழக்கையும் அறிந்தவர் என்று நேர்முகத்தில் காட்டுவதற்கு இப்பயிற்சி கைகொடுக்கும்.

கனடிய அனுபவம் இல்லையென்ற சொல்லால் மனம் உடைந்துபோனதாக எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல் எத்தனை பேரின் வாழ்வை முடக்கியது என்பதை நான் கண்ணால் கண்டவன். அதைக் கட்டாய நிபந்தனையாகக் கேட்பது முதற்பார்வையிலேயே பாகுபாடு என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் 2013இலேயே கொள்கை வெளியிட்டது. மாகாணத்தின் பொறியியல் உரிமம் வழங்கும் அமைப்பு 2023 மே மாதத்தில் கனடிய அனுபவ நிபந்தனையை நீக்கியது. மொத்தம் 48 மாத அனுபவமும் தொழில்சார் ஒழுக்கம், சட்டம் பற்றிய பரீட்சையும் இன்னமும் தேவை. 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் கனடிய அனுபவம் கோருவதையும் 2026 சனவரி 1 முதல் சட்டம் தடுக்கிறது. விளம்பரத்திலிருந்து அந்த வரி போய்விட்டாலும் நேர்முகம் செய்பவரின் மனத்திலிருந்து உடனே போய்விடாது என்பதால், உரிமம் கிடைக்கும்வரை மதிப்பீட்டாளர், தளப் பரிசோதகர், திட்ட ஒருங்கிணைப்பாளர் போன்ற பணிகளுக்கும் விண்ணப்பியுங்கள். உரிமம் இல்லாமல் பொறியியலாளர் என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்வது மட்டும் சட்டப்படி குற்றம்.

தொழிலில் உள்ள ஒருவரோடு புதியவரைச் சேர்த்துவிடும் வழிகாட்டித் திட்டம் ரொறன்ரோப் பகுதியில் 2004 முதல் நடக்கிறது; அதில் உங்களைச் சேர்க்க முடியுமா என்று ஆலோசகரிடம் கேளுங்கள். பரீட்சைக்கும் சான்றிதழ் மதிப்பீட்டுக்கும் பணம் முட்டுப்பட்டால், வின்ட்மில் என்ற தொண்டு நிறுவனம் புலம்பெயர் தொழில்வல்லுநருக்கு 15,000 டொலர் வரை குறைந்த வட்டியில் கடன் தருகிறது. முகவரிடம் ஐந்நூறைக் கொடுப்பதற்கு முன் அங்கே விசாரியுங்கள்.

முதற் சந்திப்புக்கு நிரந்தர வதிவிட அட்டை, பட்டச் சான்றிதழின் பிரதி, பழைய வேலைக் கடிதங்கள், நீங்கள் அனுப்பிய விண்ணப்பங்களில் இரண்டு மூன்று ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களுக்குள்ள உரிமை அவருக்கும் தனியாக உண்டு. பிள்ளை சிறியது என்பதால் அவர் வெளிக்கிட முடியாமலிருப்பதாக எழுதியிருந்தீர்கள். லிங்க் எனப்படும் இலவச ஆங்கில வகுப்புகள் நடக்கும் சில இடங்களில், தாய் வகுப்பில் இருக்கும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. அதற்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கலாம். அவருடைய பெயரை இந்தக் கிழமையே கொடுத்துவிடுங்கள்.